கூட்டத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்

காஞ்சிபுரத்தில் பட்டு நூல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எழுத்தில்லாமல் மாறுவதில்லை. கூட்டுறவுச் சங்கத்திலோ முதலாளி வீட்டிலோ பாவும் ஊடையும் ஜரிகையும் தராசில் ஏறும். கிராம் கணக்கு நெசவாளரின் பாஸ் புத்தகத்தில் ஏறும். நெய்து முடித்த புடவை வரும் நாளில் மறுபடி தராசு. மிச்சம் எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, கூலியில் பிடித்தம் எவ்வளவு என்று இரு தரப்பும் ஒரே வரியைப் பார்த்துத்தான் பேசுவார்கள். தகராறு வராது என்றில்லை. வந்தால் புரட்டிப் பார்க்க ஒரு பக்கம் இருக்கிறது.

அதே நெசவாளர் தன் தெருச் சாக்கடை பற்றி வார்டு கூட்டத்தில் எழுந்து கேட்ட கேள்விக்கு அப்படி ஒரு பக்கம் இல்லை. கேட்டவருக்கு நினைவிருக்கிறது. கவுன்சிலருக்கு அரைகுறையாக நினைவிருக்கிறது. அன்று பதில் சொன்ன பொறியாளர் மாற்றலாகிப் போயிருப்பார். அடுத்த கூட்டத்தில் அதே கேள்வி புதுக் கேள்வியாக எழுகிறது, “எழுதிக்கிட்டோம்மா, பாத்துடலாம்” என்ற பழைய பதிலோடு. யார் எழுதிக்கொண்டார்கள், எதில் எழுதினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஊர்க்காரர் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, கூலியும் கொடுத்து, கூட்டத்தில் உட்காரவைத்து எழுதச் சொன்னால் என்ன? கேட்பதற்குச் சின்ன யோசனை. ஆனால் யார் எழுதுவது, யார் பணம் கொடுப்பது, எழுதியதை யார் வைத்துக்கொள்வது என்று இறங்கிப் பார்த்தால் ஊரின் நான்கைந்து தரப்பும் கை கொடுக்காமல் இது நடக்காது என்பது தெரியும். அந்த உடன்பாட்டைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

கூட்டங்களுக்குக் குறைவில்லை. நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொல்லி முப்பது ஆண்டுகள் கழித்து, 2022இல் தமிழக அரசு வார்டு குழுக்களுக்கும் அவற்றுக்குக் கீழே பகுதி சபைகளுக்கும் விதிகள் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே போய் உட்கார்ந்தார். ஆண்டுக்கு நான்கு நாட்கள் குறிக்கப்பட்டன. அம்பேத்கர் பிறந்த ஏப்ரல் 14, அண்ணா பிறந்த செப்டம்பர் 15, மனித உரிமை நாளான டிசம்பர் 10 ஆகியவை அவற்றில் உண்டு. அண்ணா பிறந்தது இந்த ஊரில். பெரிய எழுத்தாளராகும் முன், இளம் வயதில் கொஞ்ச காலம் இதே ஊர் நகராட்சியில் எழுத்தராகவும் வேலை பார்த்தவர். அவர் பிறந்த நாளில் அவர் ஊரில் நடக்கும் கூட்டத்துக்கு ஒழுங்கான எழுத்து வேண்டும் என்று கேட்பது மிகையான ஆசை அல்ல.

காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சியானது. 51 வார்டுகள். மன்றக் கூட்டத்துக்கு அஜெண்டா உண்டு, தீர்மானப் புத்தகம் உண்டு. அதில் இன்ன பணி, இன்ன மதிப்பீடு, மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது என்று இருக்கும். கீழே அனுமதிக்கப்பட்டது என்று இருக்கும். முடிவு அதில் இருக்கிறது. அந்த முடிவுக்கு முன்னால் யார் என்ன கேட்டார், எந்த வார்டு உறுப்பினர் எதிர்த்தார், அதிகாரி என்ன கணக்குச் சொன்னார், எத்தனை நாளில் முடிப்பதாகச் சொன்னார் என்பவை பெரும்பாலும் அந்த அறையோடு போய்விடுகின்றன. தீர்மானப் புத்தகத்தை இதற்காகக் குறை சொல்ல முடியாது. அதன் வேலை வேறு.

பத்திரிகைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். 2024 ஜூலையில் மேயர் மீது கொண்டுவரப்பட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானம் கவுன்சிலர்கள் வராததால் விழுந்தபோது மாநிலமே காஞ்சிபுரம் மன்றத்தைத் திரும்பிப் பார்த்தது. மஞ்சள்நீர் கால்வாயில் எந்த இடத்தில் அடைப்பு, பிள்ளையார்பாளையத்தில் எந்தச் சந்தில் பாதாளச் சாக்கடை மூடி உடைந்திருக்கிறது என்ற பேச்சுக்குக் கேமரா வருமா? வராது. ஊர் நிருபர்கள் பலர் பகுதி நேரக்காரர்கள். மாவட்டம் முழுக்க ஓடுகிறவர்கள். ஒரே நாளில் நடக்கும் வார்டு கூட்டங்கள் எல்லாவற்றிலும் அவர்களை உட்காரச் சொல்வது நியாயமில்லை.

சரி, அக்கறையுள்ள யாராவது சும்மா வந்து எழுதலாமே, இதற்குக் கூலி எதற்கு? முதலில் எழும் எதிர்ப்பு இதுவாகத்தான் இருக்கும். இதை ஒரு தறிக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். குழியில் கால் தொங்கவிட்டு நெய்பவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா வீசும் உதவியாள் ஒருவர். பல வீடுகளில் அந்த உதவியாள் மனைவியோ மகளோதான். ஒருவர் எழுந்து கூட்டத்துக்குப் போனால் இன்னொருவர் வேலையும் நிற்கும். கூலி புடவைக் கணக்கில் வருகிறது, நாள் கணக்கில் அல்ல. விடுமுறைச் சம்பளம் என்ற ஒன்று அவர்களுக்குத் தெரியாது. கூட்டத்தில் கழியும் அரை நாள், பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பணம்.

மேடையில் இருப்பவர்களைப் பாருங்கள். அதிகாரிகள் சம்பளத்தில் வந்திருக்கிறார்கள். மேயருக்கு மாதம் 30,000, துணை மேயருக்கு 15,000, மாநகராட்சி கவுன்சிலருக்கு 10,000 ரூபாய் என்று 2023இல் அரசு மதிப்பூதியம் அறிவித்தது. சரியான முடிவு. கைக்காசு உள்ளவர் மட்டுமே கவுன்சிலராக முடியும் என்ற நிலையைக் கொஞ்சமாவது அது மாற்றும். அதனால் கவுன்சிலர்களின் பொதுத் தொண்டு உணர்வு கெட்டுவிட்டது என்று யாரும் எழுதவில்லை. அந்த அறையில் சொந்தச் செலவில் வந்திருப்பவர்கள் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரர்கள் மட்டும்தான். சும்மா வந்து எழுதுங்கள் என்றால் யார் வருவார்கள்? ஓய்வு பெற்றவர்கள் வருவார்கள், கட்சிக்காரர்கள் வருவார்கள். அவர்களும் வேண்டியவர்களே. அவர்களுடைய கண்ணில் படுவது மட்டும் ஊராகிவிடக் கூடாது.

இப்படிக் கூலி கொடுத்து எழுதவைப்பது வெளிநாட்டில் நடக்கிறது. அமெரிக்காவின் சிகாகோவில் 2015இல் தொடங்கிய சிட்டி பியூரோ என்ற செய்தி நிறுவனம், ஊர்மக்களுக்குப் பயிற்சியும் மணிக் கூலியும் கொடுத்துப் பள்ளி வாரியம், போலீஸ் வாரியம், நகர மன்றக் குழு என்று செய்தியாளர் யாரும் போகாத கூட்டங்களுக்கு அனுப்பியது. அவர்கள் எழுதிய குறிப்புகள் எல்லோரும் படிக்கும்படி வைக்கப்பட்டன. டெட்ராய்ட், கிளீவ்லாந்து போன்ற நகரங்களும் பிறகு அதைப் பின்பற்றின. உள்ளூர்ப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடிய நாட்டில் அது ஒரு மாற்று வழியாக வந்தது.

நமக்கு இதற்குச் சிகாகோ வரை போக வேண்டியதில்லை. ஊரக வேலை உறுதித் திட்டத்தில், நூறு நாள் வேலை என்று நாம் சொல்வதில், சமூகத் தணிக்கை சட்டத்திலேயே இருந்தது. ஆந்திரத்தில் 2006 முதல் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளில் படித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியும் படியும் கொடுத்து, வருகைப் பதிவேட்டோடு வீடு வீடாகப் போய் ஒப்பிட்டு எழுதவைத்தார்கள். எழுதியதைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி போயிருப்பது அப்படித்தான் வெளியே வந்தது. தமிழ்நாட்டிலும் சமூகத் தணிக்கைக்குத் தனிச் சங்கம் அமைந்தது. இதற்கெல்லாம் விதை, 1994இல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு நடத்திய மக்கள் விசாரணைகள். அந்த விசாரணைகளிலிருந்து வளர்ந்த இயக்கம் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போய் நின்றது. சமூகத் தணிக்கையின் கதையில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. பல மாநிலங்களில் சமூகத் தணிக்கை அமைப்புகளுக்கு மேலிருந்து பணம் வரத் தாமதமானபோது தணிக்கையும் நின்றது. ஒரே பையிலிருந்து பணம் வந்தால் அந்தப் பையின் கயிறு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் நோட்டுப் புத்தகமும் இருக்கும்.

ஊருக்குப் பக்கத்திலேயே இதைவிடப் பழைய சங்கதி ஒன்று உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கின்றன. குடவோலை பற்றிப் பேசாத மேடை நம் ஊரில் கிடையாது. முப்பது குடும்பு, முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள், ஓலைகளைக் குடத்தில் போட்டுச் சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னது என்று பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். கல்வெட்டின் கடைசிப் பகுதிக்கு மட்டும் யாரும் வருவதில்லை. கணக்கு எழுதுகிறவர் தன் காலக் கணக்கைப் பெருங்குறிப் பெருமக்கள் எனப்பட்ட சபையாரிடம் காட்டி, நேர்மையானவர் என்று சொல்லப்பட்ட பிறகே மறுபடி அந்த வேலைக்கு வரலாம். அவர் எழுதிய கணக்கை அவரேதான் காட்ட வேண்டும், வேறொரு கணக்கரை வைத்து முடிக்கக் கூடாது. அதற்கும் பிறகு, சபையார் பணிக்க இந்த ஏற்பாட்டை எழுதியவன் நான் என்று ஒருவர் தன் பெயரைச் சொல்லிக்கொள்கிறார்: காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்ல மங்கலப்பிரியன். மத்தியஸ்தர் என்ற பொறுப்பில் இருந்தவர். சபையில் உட்கார்ந்திருப்பார், விவாதத்தில் சேரமாட்டார், முடிவுகளை எழுதுவார், ஊரிடம் ஊதியம் பெறுவார் என்று இந்தப் பொறுப்பை வரலாற்றாசிரியர்கள் விளக்குகிறார்கள்.

பொற்காலம் பாட இதை எடுக்கவில்லை. அந்தச் சபையில் உட்காரச் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். தறிக்காரர் ஒருவரும் அந்தக் குடத்தில் ஓலை போட்டிருக்க முடியாது, பெண்கள் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் அதே நூற்றாண்டில் காஞ்சிபுரத்துக்குள்ளேயே வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. உத்தம சோழன் காலத்துச் செப்பேடுகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஊரகத்து உலகளந்த பெருமாள் கோயில் காரியத்தைப் பற்றியவை அவை. அன்றைய காஞ்சியான கச்சிப்பேட்டில் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியர் என்ற நெசவாளர்களிடம் கோயில் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட செய்தி அவற்றில் இருக்கிறது. நிலமும் வேதமும் இல்லாதவர்களை நம்பி ஊர்ப் பொதுச் சொத்தைக் கொடுக்கலாம் என்பது இந்த ஊருக்குப் புதுப் பாடம் அல்ல.

எழுதுவதால் என்ன தெரியவரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகிய மூவரின் ஆய்வு 2019இல் வெளிவந்தது. தமிழகக் கிராம சபைக் கூட்டங்களில் பேசப்பட்டதைப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, யார் பேசினார், அடுத்துப் பேசியவர் அதே விஷயத்தைத் தொட்டாரா, அதிகாரி அதற்குப் பதில் சொன்னாரா என்று வரி வரியாகப் பார்த்தார்கள். பெண்கள் கூட்டத்துக்கு வருகிறார்கள். ஆனால் அவர்கள் பேசுவது ஆண்களைவிடக் குறைவு. அவர்கள் எடுத்த பேச்சு அடுத்தவர் வாயில் தொடர்வது குறைவு. அதிகாரியிடமிருந்து கேட்டதற்கு நேரான பதில் கிடைப்பதும் குறைவு. ஊராட்சித் தலைவர் பெண்ணாக இருந்த இடங்களில் நிலைமை கொஞ்சம் மேலாக இருந்தது.

நேரான பதில் கிடைப்பது குறைவு என்ற விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெண்கள் பேசவே இல்லை என்றால் வெட்கப்படுகிறார்கள், பழகவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். பேசியும் பதில் வரவில்லை என்பது வேறு. அதைக் கூட்டத்தில் இருந்தவர்களாலேயே கவனிக்க முடியாது. பதில் கிடைக்காத பெண்ணுக்கே கூட, நாம்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றும். பத்துக் கூட்டங்களின் எழுத்தை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் அது ஒரு வழக்கம் என்று தெரிகிறது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம். கவுன்சிலர் அம்மா நாற்காலியில் இருக்க, பேச்சு முழுக்க அவர் வீட்டுக்காரர் பேசும் கூட்டங்கள் நாம் அறியாதவை அல்ல. “பேசியவர்: கவுன்சிலரின் கணவர்” என்று ஒரு வரி தொடர்ந்து நான்கு கூட்டங்களின் குறிப்பில் விழட்டும். ஐந்தாவது கூட்டத்தில் அம்மாவே பேசுவார்.

எழுதிய பக்கத்துக்கு என்ன வலு என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்த 2022 முதல் ஏகனாபுரம் மக்கள் கிராம சபைகளில் மீண்டும் மீண்டும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். விமான நிலையம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள், அந்த வழக்குக்குள் இங்கே போகவில்லை. தீர்மானம் புத்தகத்தில் ஏற வேண்டும் என்று அந்த ஊர் பிடித்த பிடியைத்தான் சொல்கிறோம். கிராம சபைக்கு அந்தப் புத்தகம் ஒரு மரபாகிவிட்டது. நகரத்துப் பகுதி சபைக்கு அது இன்னும் வரவில்லை.

பணத்துக்கு வருவோம். 51 வார்டு, ஆண்டுக்கு நான்கு கூட்டம், கூட்டத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கு 500 ரூபாய். மொத்தம் 2,04,000. மாதம் ஒரு மன்றக் கூட்டம் என்று வைத்து அதற்கும் இரண்டு பேரை அனுப்பினால் இன்னும் 12,000. பயிற்சி, காகிதம், நகல் என்று கொஞ்சம் கூடும். காந்தி ரோட்டுக் கடையில் ஒரு கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கும் குடும்பம் ஒரே பில்லில் இதைத் தாண்டிவிடும். ஊருக்குக் கட்டுப்படியாகாத தொகை அல்ல.

இதை மாநகராட்சியே கொடுக்கட்டும் என்பது எளிய வழி. கூடாது என்றே தோன்றுகிறது. மாநகராட்சி கொடுத்தால், ஆணையருக்குப் பிடிக்காத ஒரு குறிப்புக்குப் பிறகு பில் கையெழுத்தாகத் தாமதமாகும். கட்சி கொடுத்தால் சொல்லவே வேண்டாம். பட்டுக் கடைகள் மட்டும் கொடுத்தால், கடைத்தெரு வாகன நெரிசல் நாலு பக்கமும் நெசவாளர் தெருக் குழாய் நாலு வரியும் ஆகிவிடும். ஆகவே பங்கு. மாநகராட்சி ஒரு பங்கு, வணிகர்கள் ஒரு பங்கு, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் பொதுப்பேரவையில் விவாதித்து ஒரு சிறு பங்கு, வீட்டுக்கு இருபது முப்பது என்று தெருக்காரர்கள் ஒரு பங்கு. எந்தப் பங்கும் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. தெருக்காரர்கள் பங்கு தொகையில் சின்னதாக இருக்கும், ஆனால் அதை மட்டும் விட்டுவிடக் கூடாது. முப்பது ரூபாய் கொடுத்தவர் குறிப்பு எங்கே என்று கேட்பார்.

எழுதுபவர் யார்? பச்சையப்பன் மகளிர் கல்லூரி மாணவிகள் முதலில் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களில் பலர் தறி வீட்டுப் பிள்ளைகள். மகளிர் சுய உதவிக் குழுக்களில் கணக்கு எழுதிப் பழகிய பெண்கள் இன்னும் நல்ல தேர்வு என்றே சொல்வோம். வாரா வாரம் பத்துப் பதினைந்து பேர் நடுவில் உட்கார்ந்து, யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று முகம் கோணாமல் எழுதிய கை அது. இருவரில் ஒருவர் அந்த வார்டுக்காரராக இருக்கட்டும். எந்தச் சந்து, எந்தக் குழாய் என்று அவருக்குச் சொல்லாமலே விளங்கும். இன்னொருவர் வெளி வார்டுக்காரராக இருக்கட்டும். ஓரிக்கையிலிருந்து வருபவருக்குச் சின்ன காஞ்சிபுரத்துப் பழைய பகை தெரியாது. கவுன்சிலரின் உறவினர், கட்சிப் பொறுப்பில் இருப்பவர், மாநகராட்சி ஒப்பந்தக்காரர் வீட்டார் ஆகியோருக்கு இந்த வேலை இல்லை. கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவுக்காரர்களையும் குடவோலையில் சேர்க்காமல் ஒதுக்கிய மாவட்டத்துக்கு இந்த விதி கடுமையாகப் படக்கூடாது.

என்ன எழுதுவது என்பதில்தான் பயிற்சி முழுக்கத் தேவைப்படும். கூட்டம் எத்தனை மணிக்கு அறிவிக்கப்பட்டு எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை பேர் வந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர், யார் என்ன கேட்டார், யார் என்ன பதில் சொன்னார், நாள் குறித்தாரா, பதிலே வராத கேள்வி எது. அவ்வளவுதான். கவுன்சிலர் கோபப்பட்டார் என்று எழுதுவது எழுதுபவரின் கருத்து. “உங்க வீட்டு வரி பாக்கிய முதல்ல கட்டுங்க என்று கவுன்சிலர் சொன்னார்” என்று எழுதினால் கோபமா கிண்டலா என்பதைப் படிப்பவர் பார்த்துக்கொள்வார்.

இதில் ஒரு சிக்கலை இப்போதே பேசித் தீர்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை அடைத்துவிட்டான் என்று தனியாக இருக்கும் ஒரு பெண் கூட்டத்தில் சொல்வார். அது பெயரோடு எழுத்தில் ஏறி டீக்கடைச் சுவரில் தொங்கினால் மறுநாள் அவரால் தெருவில் நடமாட முடியாது. பொறுப்பில் இருப்பவர்கள் பெயர் கட்டாயம் வரட்டும். ஊர்க்காரர் பெயர் அவர் சம்மதித்தால் மட்டும் வரட்டும். இல்லையென்றால் இன்ன தெருப் பெண்மணி என்பது போதும். சாதிப் பெயர் எந்த வரியிலும் வேண்டாம். ஆனால் ஒரு தெருவுக்கு மட்டும் தண்ணீர் லாரி வருவதில்லை என்ற புகார் மறைக்கப்படக் கூடாது. அந்தத் தெரு எது என்று எழுதினாலே ஊருக்குப் புரியும்.

செல்போனில் பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்ததே என்று இளைஞர்கள் கேட்பார்கள். பதிவு செய்யட்டும், சண்டை வந்தால் சரிபார்க்க உதவும். ஆனால் மின்விசிறிச் சத்தமும் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவதுமாக இரண்டு மணி நேர ஒலியை உட்கார்ந்து கேட்பவர் யார்? இரண்டு பக்கம் எழுதினால் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதே படித்துவிடலாம்.

கவுன்சிலர்கள் இதைத் தங்கள் மீது வைக்கும் வேவாக நினைக்கக் கூடும். அவர்களிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது. இன்று எல்லாப் பழியும் உங்கள் தலையில் விழுகிறது. குடிநீர் வாரியத்தின் தாமதம், மின்வாரியம் தோண்டிய பள்ளம், நெடுஞ்சாலைத் துறை மூடாத குழி, எல்லாவற்றுக்கும் தெருவில் பதில் சொல்கிறவர் நீங்கள். மார்ச் மாதக் கூட்டத்தில் நீங்கள் கேட்டீர்கள், அதிகாரி ஜூனில் முடிப்பதாகச் சொன்னார் என்று எழுத்தில் இருந்தால், ஜூலையில் மக்கள் கேட்க வேண்டிய கதவு உங்கள் வீட்டுக் கதவு அல்ல. குறிப்பில் பிழை இருந்தால் ஒரு வாரத்துக்குள் திருத்தம் எழுதிக் கொடுங்கள். உங்கள் திருத்தம் குறிப்பின் பக்கத்திலேயே ஒட்டப்படட்டும். மூலத்தை மட்டும் அழிக்கக் கூடாது.

அதிகாரிகள் தர வேண்டியதும் பெரிதல்ல. தேதியையும் இடத்தையும் ஒரு வாரம் முன்னால் அறிவிப்பது, பொருள் பட்டியலின் ஒரு நகல், முன் வரிசையில் இரண்டு நாற்காலி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு யாரும் கேட்காமலே வெளியிட வேண்டியவற்றைச் சொல்கிறது. தமிழகம் 1997லேயே தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம். நோட்டுப் புத்தகத்தோடு வரும் பெண்ணைப் பார்த்து, நீ யார், யார் அனுப்பியது என்று கேட்கும் வழக்கம் அந்த மாநிலத்துக்குப் பொருந்தவில்லை.

ஊர்மக்களின் பங்கு இவர்கள் எல்லோருடைய பங்கையும்விடக் கடினமானது. படிக்க வேண்டும். அடுத்த கூட்டம் தொடங்கும்போது போன குறிப்பை ஒருவர் உரக்கப் படிக்க, நடந்தது எது, நடக்காதது எது என்று வந்தவர்கள் சொல்ல வேண்டும். இந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் 2,16,000 ரூபாயும் காகிதச் செலவுதான். எழுதிய பிள்ளையை யாராவது மிரட்டினால் தெரு அவள் பின்னால் நிற்க வேண்டும். நமக்கேன் வம்பு என்று ஒதுங்கினால் அடுத்த கூட்டத்துக்கு அவள் வரமாட்டாள், அவள் வீட்டில் விடவும் மாட்டார்கள்.

இதன் பயன் சாக்கடையோடு நிற்காது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் அத்திவரதரைக் காண ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்தச் சிறிய ஊருக்குள் வந்து போனார்கள். நெரிசலில் உயிர்களும் போயின. தற்காலிகப் பேருந்து நிலையம் எங்கே வைத்தார்கள், எத்தனை போலீசார் வந்தார்கள் என்பது அரசுக் கோப்புகளில் இருக்கும். சந்நிதித் தெருக்காரர்கள் தங்கள் வீட்டுக்குள் போக என்ன பாடுபட்டார்கள், பள்ளிப் பிள்ளைகள் எப்படிப் போனார்கள், முதல் வாரத்தில் கோட்டைவிட்டது என்ன, மூன்றாவது வாரத்தில் ஊர் தானாகக் கற்றுக்கொண்டது என்ன? இவற்றைச் சொல்லக்கூடிய ஆட்கள் இன்று இருக்கிறார்கள். அனந்தசரஸ் குளத்திலிருந்து வரதர் மறுபடி எழுந்தருளுவது 2059இல். அன்று திட்டம் போடுபவருக்கு அந்த ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். 1979இல் நடந்ததை 2019இல் வயதானவர்களின் வாய்வழியாகத்தான் இந்த ஊர் பெரும்பாலும் நினைவுபடுத்திக்கொண்டது. வார்டு கூட்டத்தில் எழுதிப் பழகிய ஊருக்கு அந்த அனுபவத்தையும் எழுதிவைப்பது பெரிய வேலையாக இருக்காது. நேரம் இன்னும் கடந்துவிடவில்லை.

51 வார்டிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஐந்து வார்டு போதும். பெரிய காஞ்சிபுரத்தில் ஒன்று, சின்ன காஞ்சிபுரத்தில் ஒன்று, பிள்ளையார்பாளையத்தில் ஒன்று, செவிலிமேடு பக்கம் ஒன்று, வேகவதிக் கரையோரம் ஒன்று. கடைசியில் சொன்னதை விட்டுவிடக் கூடாது. ஆற்றங்கரையிலிருந்து கீழ்க்கதிர்பூர் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு என்ன சொல்லப்பட்டது, என்ன கிடைத்தது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. வாய்ப்பேச்சாக இருக்கும் வரை ஓயவும் செய்யாது. ஓராண்டு, நான்கு கூட்டம், பத்துப் பேர். 20,000 ரூபாய் கூலி. குறிப்பின் ஒரு பிரதி வார்டு அலுவலகத்தில், ஒன்று மாவட்ட மைய நூலகத்தில், ஒன்று எழுதியவர் கையில். பங்கு தரும் நால்வரும் ஒரு மேசையில் உட்கார்ந்து இதைப் பேசி முடிக்க ஒரு மாலை போதும். அந்த மாலைப் பேச்சையும் யாராவது ஒருவர் எழுதட்டும், அவருக்கு 500 ரூபாய் கொடுத்துவிடுங்கள்.